பானெட்டின் மேல் மூன்று தட்டு

"கண்டக்டர் தட்டினார்தானே? தட்டினா பூனை ஓடிடும்னு சொன்னதும் அவர்தானே? அப்புறம் எப்படி அது உள்ளே இருக்கும்?"

தொலைபேசியில் இப்படிக் கேட்டவர் எங்கள் குடியிருப்பின் செயலாளர். அந்த நேரத்தில் அவர் எழுபது கிலோமீட்டர் தள்ளி நெடுஞ்சாலையில் இருந்தார். கேள்வி என் மாமாவுக்கானது. மாமா குனிந்து ஷூவுக்குள் காலைத் திணித்துக்கொண்டிருந்ததால் ஃபோன் என் கையில் இருந்தது. எனக்குப் பதில் தெரியவில்லை. "தெரியல சார். ஆனா தயவுசெஞ்சு வண்டியை நிறுத்துங்க" என்று மட்டும் சொன்னேன்.

இப்போது பதில் தெரியும். அது புரிய வேண்டுமென்றால் முதலில் மாமாவைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாமா என் அம்மாவின் தம்பி. இருபத்திரண்டு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். முழங்கால் தேய்ந்து, படியில் ஏறி இறங்க முடியாமல் போனதும் அந்த வேலையை விட்டார். இந்த ஆறு மாடிக் குடியிருப்பின் பார்க்கிங்கைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. வண்டிகள் கீழே இறங்கும் சரிவுக்குப் பக்கத்தில் எங்களுக்கு இரண்டு அறைகள். உள் அறையில் நானும் அம்மாவும். முன் அறையில் மாமா, கேமரா திரைக்கும் பார்சல் அலமாரிக்கும் நடுவில் ஒரு கட்டில் போட்டுக்கொண்டு.

இங்கே எல்லோருக்கும் அவர் 'கண்டக்டர்'தான். பழைய வேலை அவரை விட்டுப் போகவே இல்லை. லிஃப்டில் நாலு பேர் நின்றாலே, "உள்ளே போங்க, உள்ளே போங்க, நடுவுல எவ்வளவு இடம் கிடக்கு" என்பார். யாராவது வண்டியைப் பின்னால் எடுத்தால், "வரலாம், வரலாம், வரலாம்... ஹோல்டான்!" சாப்பிடுவதும் நின்றுகொண்டுதான். "டேய், உக்காந்து சாப்பிடுடா. உன் பஸ் போய் பதினோரு வருஷம் ஆச்சு" என்று அம்மா தினமும் சொல்வார். மாமா தினமும் தலையாட்டுவார். உட்கார்ந்ததில்லை.

அவருடைய உள்ளங்கை பலகை மாதிரி இருக்கும். பஸ்ஸின் பக்கத் தகட்டில் தட்டித் தட்டி அப்படி ஆனது. ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் கிளம்பு. விசில் தொலைந்த நாட்களில் ஆரம்பித்து, விசில் கிடைத்த பிறகும் விடாத பழக்கம் என்று அவரே சொல்வார்.

இந்த வேலைக்கு வந்த முதல் குளிர்காலத்தில் ஒரு காலை, மூன்றாம் மாடிக்காரர் வண்டியைக் கிளப்பியதும் பானெட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. குளிருக்கு ஒதுங்கிய குட்டிப்பூனை ஒன்று ஃபேன் பெல்ட்டுக்குப் பக்கத்தில் படுத்திருந்திருக்கிறது. அதை எடுத்து, துடைத்து, புதைத்தது எல்லாம் மாமாதான். மறுநாளிலிருந்து, குளிர்காலம் முழுக்க, எந்த வண்டி கிளம்பினாலும் அதன் பானெட்டில் கையால் தட்டுவார். சரியாக மூன்று தட்டு. "ஒண்ணும் ரெண்டும் பஸ்ஸுக்குப் போயிடுச்சு. பூனைக்கு மூணு" என்பது அவர் கணக்கு. தட்டி, கொஞ்சம் நின்று பார்த்து, "போலாம் ரைட்" என்று குரல் கொடுத்த பிறகுதான் யாரும் சாவியைத் திருப்புவார்கள். மொத்தம் முப்பத்தெட்டு வண்டிகள். காலை ஐந்தரையிலிருந்து ஒன்பது வரை அந்தச் சத்தம் எங்கள் அறைக்குள் கேட்டுக்கொண்டே இருக்கும். அதற்கு நடுவில்தான் நான் பள்ளிப் பாடம் முழுவதையும் படித்து முடித்தேன்.

தட்டுவது மட்டுமில்லை. ரேடியேட்டரில் ஊற்றும் கூலண்ட் தரையில் ஒழுகியிருந்தால் உடனே மரத்தூளைப் போட்டு அள்ளிவிடுவார். "அது தித்திக்குமாம். பூனை நக்கிட்டுப் போயிடும். ரெண்டு நாள்ல கிட்னி காலி" என்பார். எலி மருந்து வைக்க வந்தவர்களை ஒருமுறை சரிவிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினார். கடைசி வண்டி போனதும் தெருப்பூனைகள் நாலுக்கும் ஒன்பதாம் தூணுக்குப் பக்கத்தில் உலர்தீனி போடுவார்.

செயலாளருக்கு இதெல்லாம் பிடிக்காது. பூனைகள் பார்க்கிங்கை அசிங்கம் பண்ணுவதை ஆதாரத்தோடு காட்டத்தான் கீழே இரண்டு கேமரா கூடுதலாக வைத்தார். அந்தத் திரையைப் பார்க்கும் வேலையும் மாமாவுக்கே வந்து சேர்ந்தது. ஆண்டு பிறந்ததும் நடக்கவிருந்த கூட்டத்தின் பட்டியலில், 'பார்க்கிங்கில் விலங்குகள்' என்று ஒரு வரி சேர்த்திருந்தார்.

இரண்டாம் மாடியில் ஒரு நர்ஸ் அக்கா இருக்கிறார். தனியாக வசிப்பவர். ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்தால் அவருக்கு இருப்பது ஒரு பூனை மட்டும்தான். சாம்பல் நிறம், நாலு பாதமும் வெள்ளை, ஒன்பது வயது. குட்டியாக வந்ததிலிருந்து அந்த வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. அவருடைய அக்காவுக்குப் பிரசவம் ஆண்டு இறுதி விடுமுறையில் வந்துவிட்டது. பூனைகளைப் பார்த்துக்கொள்ளும் விடுதிகள் எல்லாமே நிரம்பிவிட்டன. விடுமுறை என்றால் ஊரே கிளம்பிவிடுகிறதே.

"பத்து நாள்தானே சிஸ்டர்? என்கிட்ட விடுங்க" என்று மாமாவே போய்க் கேட்டார்.

ஒரு புதன்கிழமை நர்ஸ் அக்கா பூனையைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்தார். கூடவே, தான் போர்த்திய சால்வை ஒன்று. "துவைக்காமத்தான் கொண்டுவந்திருக்கேன் அண்ணே. என் வாசனை இருந்தா இதுமேல படுத்துக்கும்" என்றார். ஒரு காகிதத்தை எடுத்து அவரே கேமரா திரைக்கு மேல் ஒட்டினார். பரிசுப் பொட்டலத்து ரிப்பனையும் அலங்காரச் சரிகையையும் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும், விழுங்கினால் குடலை அறுத்துவிடும். யாராவது சாக்லேட் கொடுத்தால் வாங்கவே கூடாது. ஹீட்டரை விட்டு இரண்டு அடி தள்ளித்தான் படுக்கை. இப்படிப் போய், கடைசியில் ஒரே ஒரு சொல்: கதவு. அடியில் இரண்டு கோடு.

மாமா அதைப் படித்துச் சிரித்தார். "சிஸ்டர், இருபத்திரண்டு வருஷம் கதவைப் பார்த்துத்தான் சோறு தின்னிருக்கேன். என் படியிலருந்து ஒருத்தர் விழுந்ததில்ல."

"சிரிக்காதீங்கண்ணே. எனக்கு வீட்ல இவளை விட்டா வேற ஆள் இல்ல."

மாமா சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "நான் பார்த்துக்கறேன் சிஸ்டர்" என்றார்.

முதல் நாள் பூனை கட்டிலுக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொண்டது. மாமா குனிந்து கூப்பிட்டுப் பார்த்தார். வரவில்லை. அதனால் சாப்பாட்டுக் கிண்ணத்தைக் கட்டிலுக்கு அடியிலேயே தள்ளிவிட்டார். தள்ளுவதற்கு முன்னால், பயந்துவிடக்கூடாது என்று கட்டில் சட்டத்தில் மெதுவாகக் கையால் தட்டினார். மூன்று தட்டு. அந்தக் கைக்கு வேறு எண்ணிக்கை தெரியாது. ஒவ்வொரு வேளையும் அப்படித்தான் நடந்தது. இரண்டாம் நாள் மாலையில் தட்டியதும் உள்ளேயிருந்து ஒரு சின்ன 'மியாவ்' வந்தது. மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"பார்த்தியா அக்கா, மேடம் ரூட்டைப் பிடிச்சுட்டாங்க!"

"பூனைக்கு என்னடா மேடம்?"

"நம்ம வண்டியில ஏறினவங்க எல்லாரும் சார், மேடம்தான்."

அதிலிருந்து அது மேடம் ஆகிவிட்டது. மூன்றாம் நாள் மேடம் கட்டிலுக்கு மேல் ஏறி, சால்வையில் சுருண்டு படுத்தது. வாசல் பக்கம் போனால், "மேடம், படியில நிக்காதீங்க, உள்ளே வாங்க" என்று மாமா தூக்கிவந்து விடுவார்.

சனிக்கிழமை. விடுமுறையின் முதல் நாள். கண்ணாடிகளில் பனி படிந்து, துணியால் துடைத்தாலும் மறுபடி படிந்துகொண்டிருந்தது. விடிவதற்குள்ளேயே கிளம்பும் வண்டிகள் வரிசையாகச் சரிவில் ஏறின. இன்னொரு பக்கம் பார்சல்கள். விடுமுறைக் காலத்தில் எங்கள் முன் அறை கிட்டத்தட்ட தபால் நிலையம்தான். ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் பார்சல்காரர் ஒரு பெரிய பெட்டியோடு வந்தார். மாமா கடைசி வரிசையில் யாருக்கோ வண்டி எடுக்க வழி காட்டிக்கொண்டிருந்தார். "கண்டக்டரே, எங்க வைக்கறது?" என்று அவர் கத்த, மாமா அங்கிருந்தே கையை வீசி, "உள்ளே வச்சுட்டுப் போப்பா" என்றார். அவர் வைத்தார். ஆனால் பெட்டி முழுவதும் உள்ளே போகவில்லை. தானாகச் சாத்திக்கொள்ளும் எங்கள் கதவு அந்தப் பெட்டியில் முட்டி, ஒரு சாண் இடைவெளியோடு நின்றுவிட்டது.

ஆறு நாற்பதுக்குச் செயலாளரின் வண்டி கிளம்பியது. அவர், மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமியார். மாமா பானெட்டில் மூன்று தட்டு தட்டினார். நின்று பார்த்தார். "போலாம் ரைட். நல்லபடியா போய்ட்டு வாங்க சார்."

ஏழேகாலுக்கு அறைக்கு வந்தவர் பெட்டியைப் பார்த்தார். பிறகு கட்டிலைப் பார்த்தார். சால்வை மட்டும் கிடந்தது.

நாங்கள் மூன்று பேரும் கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால், ஒவ்வொரு தூணாக, ஒவ்வொரு சக்கரமாகப் பார்த்தோம். அரைமணி நேரம் போயிற்று. கடைசியில் நான்தான் கேமராவைப் பார்க்கலாம் என்றேன்.

திரையில் ஆறு பன்னிரண்டுக்கு வெள்ளைப் பாதங்கள் நாலு தெரிந்தன. சுவரோரமாகவே வந்து, செயலாளர் வண்டியின் முன் சக்கரத்துக்குப் பின்னால் நுழைந்து மறைந்தன. அவர் அப்போதுதான் எஞ்சினைச் சூடுபடுத்த ஓடவிட்டு, அணைத்துவிட்டு, பெட்டிகள் எடுக்க மேலே போயிருந்தார். சூடான இடம். ஆறு முப்பத்தெட்டுக்கு மாமா வந்து தட்டுவது தெரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. சக்கரத்துக்கு அடியிலிருந்து எதுவும் வெளியே வரவில்லை. வண்டி நகர்ந்தது. அது நின்றிருந்த தரை காலியாக இருந்தது.

மாமா அந்தத் தட்டும் இடத்தை மட்டும் இரண்டாவது முறை போட்டுப் பார்த்தார். பிறகு எழுந்து ஷூவைத் தேடினார்.

செயலாளர் வண்டி ஓட்டும்போது ஃபோன் எடுக்கமாட்டார். குடியிருப்போர் பதிவேட்டில் இருந்த இன்னொரு எண்ணுக்கு மாமா அடித்தார். எடுத்தது மாமியார்.

"அம்மா, நான் பார்க்கிங் கண்டக்டர். வண்டியை நிறுத்தச் சொல்லுங்க. எஞ்சின்ல மேடம் இருக்காங்க."

"யாரு மேடம்? என் பொண்ணு பக்கத்துல தூங்கறாளே தம்பி."

"பூனைம்மா, பூனை! நர்ஸ் சிஸ்டரோட பூனை!"

"அட கடவுளே! நான் அப்பவே சொன்னேன், மியாவ்னு ஏதோ கேக்குதுன்னு. ரேடியோன்னு சொல்லிட்டார் மாப்பிள்ளை. மாப்பிள்ளை, நிறுத்துங்க... நிறுத்துங்கன்னா!"

மாமா ஃபோனை என்னிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்து ஷூவை இழுக்க ஆரம்பித்தார். "ஆள் நடமாட்டம் இருக்கற இடமா பார்த்து ஓரம் கட்டச் சொல்லு. எஞ்சினை அணைக்கணும். ஆனா பானெட்டைத் திறக்கவே கூடாதுன்னு சொல்லு. திறந்தா பயத்துல ரோட்டுக்கு ஓடிடும். நான் வர்ற வரைக்கும் திறக்கக் கூடாது."

அதை நான் சொன்னபோதுதான் செயலாளர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

எட்டு ஐந்துக்கு ஒரு பஸ் இருந்தது. மாமா கூடையையும் சால்வையையும் எடுத்துக்கொண்டார். அம்மா வீட்டைப் பார்த்துக்கொள்ள, நான் கூடப் போனேன். படிப்பு முடிந்து ஏழு மாதமாக எனக்கு வேறு வேலை எதுவும் இல்லை. மாமா பஸ்ஸில் பயணியாக ஏறி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இளம் கண்டக்டர் ஒருவர் எங்களிடம் வந்தார். "பெரியவரே, கூடையில என்ன?"

"ஒண்ணும் இல்ல தம்பி, காலி."

"காலிக் கூடைக்கு ஒரு சீட்டா? மடியில வைங்க."

வேறு நாளாக இருந்தால் மாமா அவருக்குக் கண்டக்டர் வேலையே சொல்லிக்கொடுத்திருப்பார். அன்றைக்குப் பேசாமல் கூடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஊர் தாண்டி வெகுதூரம் போன பிறகு நான் கேட்டேன்.

"மாமா, நீங்க தட்டினீங்கல்ல? அப்புறம் ஏன் வெளிய வரல?"

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "கேமராவுல பக்கத்து வண்டி மேல கருப்பன் படுத்திருந்தான், கவனிச்சியா?" கருப்பன் என்பது தெருப்பூனைகளில் ஒன்று. "நான் தட்டறேன். அவன் கண்ணைத் திறந்தான். கொட்டாவி விட்டான். மறுபடி தூங்கிட்டான். ரெண்டு அடி தள்ளி இடி மாதிரி தட்டறேன், அவன் காதுகூட ஆடல."

"அதனால?"

"பதினோரு வருஷமா விரட்டறேன்னு நெனச்சுட்டு இருந்தேன். அதுங்களுக்கு அந்தச் சத்தம் நான்தான். நான் வந்தா கொஞ்ச நேரத்துல சாப்பாடு வரும். 'பயப்படாதீங்க, நான்தான்'னு சொல்லிட்டு இருந்திருக்கேன்." மடியில் இருந்த கூடையை இழுத்துப் பிடித்துக்கொண்டார். "மேடத்துக்கு இன்னும் மோசம். மூணு நாளா தட்டித் தட்டிக் கட்டிலுக்கு அடியிலேயே கிண்ணத்தை வச்சேன். மூணு தட்டு கேட்டா ஒளிஞ்ச இடத்தை விட்டு நகர வேண்டாம், சாப்பாடு தானா வரும்னு கத்துக்கொடுத்ததே நான்தான்."

"இத்தனை வருஷமா எதுவும் ஆகலையே மாமா?"

"தெருப்பூனைக்கு வண்டின்னா என்னன்னு தெரியும். கார் கதவு திறக்கற சத்தத்துக்கே இறங்கிடும். அது என் தட்டுக்கு ஓடுதுன்னு நான் நெனச்சுக்கிட்டேன். மேடம் வண்டியையே பார்த்ததில்ல."

செயலாளருக்கு என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரிந்தது. ஆனால் எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. எழுபது கிலோமீட்டர், ஓடிய எஞ்சின், ஒன்பது வயதுப் பூனை என்பது மட்டும்தான் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நர்ஸ் அக்காவுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. "கையில என்ன இருக்குன்னு தெரியாம என்ன சொல்றது?" என்று மாமா தள்ளிப்போட்டிருந்தார்.

பெட்ரோல் பங்க்கின் ஓரத்தில், தேநீர்க் கடைக்குப் பக்கத்தில் வண்டி நின்றிருந்தது. செயலாளர் கம்பளித் தொப்பியோடு குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். அவர் மனைவியும் பிள்ளைகளும் கடைக்குள் இருந்தார்கள். வண்டிக்கு நேர் முன்னால், பானெட்டில் முதுகு படுகிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு மாமியார் உட்கார்ந்திருந்தார்.

"வந்துட்டியா தம்பி? ரெண்டு தடவை திறக்கப் பார்த்தார். திறந்தா நான் அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு வீட்டுக்குப் போயிடுவேன்னு சொல்லிட்டேன்."

"சத்தம் எதுவும் கேட்டுச்சாம்மா?"

"முதல்ல ஒரு தடவை முனகின மாதிரி இருந்துச்சு. ஒரு மணி நேரமா ஒண்ணும் இல்ல."

செயலாளர் வந்தார். "ஒரு பூனைக்காக அஞ்சு பேர் விடுமுறை ரோட்டுல நிக்குது கண்டக்டர்."

"தப்பு என்னோடது சார். சாவகாசமா திட்டுங்க. இப்ப டிக்கியில போர்வை இருந்தா எடுங்க."

இரண்டு போர்வைகள் கிடைத்தன. வண்டியின் முன்பக்கத்தைச் சுற்றி அவற்றைத் தரை வரைக்கும் திரை மாதிரி பிடிக்கச் சொன்னார் மாமா. பூனை பாய்ந்தாலும் சாலைக்குப் போகக்கூடாது. ஒரு போர்வையை நானும் மாமியாரும் பிடித்தோம். இன்னொன்றைச் செயலாளரும் அவர் மனைவியும். "கீழே இறக்குங்க சார், இன்னும் கொஞ்சம்... ஹோல்டான்" என்று மாமா சொல்ல, செயலாளர் குந்தி உட்கார்ந்து போர்வையை இறக்கிப் பிடித்தார்.

மாமா பானெட்டை மெதுவாக உயர்த்தினார். ஒன்றும் தெரியவில்லை. டார்ச் அடித்தார். பாட்டரிக்கும் பின்பக்கத் தகட்டுக்கும் நடுவில் இருந்த சந்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ அடைந்திருந்தது. அசையவில்லை. கண் மூடியிருந்தது. மாமா கூப்பிடவில்லை. கையை எதிலும் படவிடவில்லை. சால்வையை அந்தச் சந்துக்குப் பக்கத்தில் விரித்துவிட்டு அப்படியே நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. போர்வை பிடித்த என் விரல்கள் குளிரில் மரத்துப்போயின. எதுவும் நடக்கவில்லை.

கடைசியில் சட்டைக் கையை மடித்துவிட்டுச் சந்துக்குள் கையை விட்டார். அடுத்த நொடி, "ஆ!" என்று கத்தினார்.

"என்ன ஆச்சு தம்பி?"

"கடிச்சுட்டாங்கம்மா!" அவர் முகம் முழுக்கச் சிரிப்பு. "நல்லா கடிச்சுட்டாங்க! உயிரோட இருக்காங்க!"

கையை எடுக்காமலே, கடித்த பல்லோடு சேர்த்து, பிடரியைப் பிடித்துத் தூக்கிச் சால்வையில் சுற்றினார். மீசை ஒரு பக்கம் கருகியிருந்தது. வலது காதின் நுனி கருத்துப் போயிருந்தது. பின்னங்கால் ஒன்றின் பாதம் வெந்து சிவந்திருந்தது. கூடைக்குள் வைத்ததும் சால்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

ஐந்து கிலோமீட்டரில் ஒரு கால்நடை மருத்துவர் இருப்பதாகத் தேநீர்க் கடைக்காரர் சொன்னார். எப்படிப் போவது என்று மாமா யோசிக்கும்போதே செயலாளர் பின் கதவைத் திறந்துவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் போய் உட்கார்ந்தார். வழியில் அவர் பேசியது ஒன்றே ஒன்றுதான்: "கேமரால தெரிஞ்சுதா?" "ஆமா சார்." "ம்" என்றார்.

காது நுனியை எடுக்க வேண்டியிருந்தது. பாதம் ஆற ஆறு வாரம் ஆகலாம், பிழைத்துக்கொள்ளும் என்றார் மருத்துவர். மாமாவின் கையைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கே ஊசி போட்டுக்கங்க, பூனைக்கடியை விடக்கூடாது" என்றார்.

மாமா வெளியே வந்து நேராக நின்று நர்ஸ் அக்காவுக்கு ஃபோன் போட்டார்.

"சிஸ்டர், கண்டக்டர் பேசறேன். மேடம் உயிரோட இருக்காங்க. முதல்ல அதைக் கேட்டுக்கங்க. மத்தது எல்லாம் என் தப்பு." பிறகு நடந்ததை நேரம் குறிப்பிட்டு, வரிசையாக, எதையும் விடாமல் சொன்னார். பார்சல்காரரைக் குறை சொல்லவில்லை. மறுபக்கத்திலிருந்து வந்த ஒரே ஒரு சொல் எனக்கும் கேட்டது.

"கதவா?"

"ஆமா சிஸ்டர். கதவுதான்."

நர்ஸ் அக்கா மூன்றாம் நாளே திரும்பிவிட்டார். கூடையை வாங்கிக்கொண்டார். "பஸ் பிடிச்சுப் போனதுக்கு நன்றிண்ணே" என்றார். அவர் கண் சிவந்திருந்தது. மாமா தலை குனிந்தபடியே நின்றார்.

ஆண்டு பிறந்ததும் கூட்டம் நடந்தது. 'பார்க்கிங்கில் விலங்குகள்' என்ற வரி வந்தபோது செயலாளர் பேசுவதற்கு முன்னால் மாமா எழுந்துவிட்டார். பதினோரு வருடமாகத் தான் தட்டியது தப்பு என்றும், தட்டினால் போதும் என்று எல்லோரையும் நம்பவைத்தது தன் தப்பு என்றும் சொன்னார். குளிர்காலத்தில் வண்டி எடுக்கும் ஒவ்வொருவரும் பானெட்டைத் திறந்து ஒருமுறை பார்த்துவிட்டு எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். "அந்தக் குளிர்ல இறங்கி நிக்கணுமா?" என்று நாலாம் மாடியிலிருந்து ஒரு குரல். "நான் ரெண்டு மணி நேரம் நின்னேன். ஒண்ணும் செத்துப் போகல" என்றார் செயலாளர். மறுநாள் அறிவிப்புப் பலகையில் அவர் கையெழுத்தோடு அந்த விதி ஒட்டப்பட்டது. பூனைகளைப் பற்றி வேறு எதுவும் அதில் இல்லை.

மாமா இப்போது தட்டுவதில்லை. டார்ச்சும், கம்பில் கட்டிய ஒரு கண்ணாடியுமாக ஒவ்வொரு வண்டிக்கும் அடியில் பார்க்கிறார். முதல் வண்டி கிளம்புவதற்கு முன்பே, பார்க்கிங்குக்கு வெளியே, பின்சுவருக்கு அந்தப்பக்கம் தீனி போட்டுவிடுகிறார். கை சில சமயம் பழக்கத்தில் பானெட் வரைக்கும் போய், நின்று, திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த நீண்ட விடுமுறைக்கு நர்ஸ் அக்கா மேடத்தைத் தன்னோடு வேலை பார்க்கும் ஒருவர் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். கூடையோடு அவர் எங்கள் அறையைக் கடந்து போவதை அம்மா பார்த்துவிட்டு, "உன்கிட்ட கேக்கவே இல்லையாடா?" என்றார்.

"ஏன் கேக்கணும்?" என்றார் மாமா. "நானா இருந்தா நானும் கேக்கமாட்டேன்." நின்றபடியே சாப்பிட்டு முடித்துவிட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

நான் எழுதிப் பழகியவள் இல்லை. இதை நான் எழுதுவது ஒரு காரணத்துக்காகத்தான். எங்கள் மாமாவைப் போலவே பானெட்டில் தட்டிவிட்டு நிம்மதியாக வண்டியை எடுப்பவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். படித்த நீங்கள் இதை உங்களோடு வைத்துக்கொள்ள வேண்டாம். குளிர்காலக் காலையில் வண்டி எடுக்கும் யாராவது ஒருவரிடம், கிளம்புவதற்கு முன்னால், இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள்.